சலித்த பனி

பர்பேங்கில் பனி
மேலே சாரத்தில் குந்தியிருக்கும்
இக்னாசியோவின் கையிலிருந்துதான் பெய்யும்.
உருளைக்கிழங்குச் செதில்.
முதல் பருவத்தில் மூட்டை மூட்டையாய் வந்தது, புதுசு.
விளக்குச் சூட்டில் லேசாய் மணக்கும்.
பதினோரு மணிக்கே எல்லோருக்கும் பசிக்கும்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்:
ஒஹையோவில் ஓர் இல்லத்தரசி,
வானிலைக்குத் தெய்வமாயிருந்து வேலையை விட்டவள்.
தும்மினால் வரவேற்பறையில் பனி,
கோபித்தால் குளிர்பெட்டிக்குள் இடி.
கணவர் காப்பீட்டுக் கம்பெனியில்
புயல் சேதத்துக்கு இழப்பீடு மறுப்பவர்.

என் வேலை தொடர்ச்சி.
கரண்டி எந்தக் கையில், பால் எவ்வளவு,
மேல்பொத்தான் போட்டதா திறந்ததா.
ஒரு துண்டுப் படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
உலகம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள
வாரம் நூற்றெண்பது டாலர்.

எட்டாம் பருவத்தில்
கதாசிரியர்கள் இரண்டாம் பருவத்தைத் தூசி தட்டி எடுத்து
நாய் என்றிருந்த இடமெல்லாம் கிளி என்று திருத்தினார்கள்.
டெர்ரிக்குக் கதைப்படி இன்னும் ஒன்பது வயசு.
சட்டைக் கை முழங்கைக்கு ஏறிவிட்டது,
குரல் உடைந்துவிட்டது.
சோபாவுக்குப் பின்னால் முட்டி போடவைத்து எடுத்தோம்.
அவன் வசனம் பாதியைக் கிளிக்குக் கொடுத்தோம்.

பனிக்குப் பணமில்லை.
கூட்டி, சலித்து, திரும்பவும் மேலே ஏற்றினார் இக்னாசியோ.
சல்லடைக்குத் தப்பியதும் சேர்ந்தே விழும்:
குண்டூசி, சிகரெட் சாம்பல், யாருடையதோ நகம்,
ஒருமுறை உயிரோடு ஓர் எலிக்குஞ்சு.
டெல்ஃபீன் அதை உள்ளங்கையில் ஏந்தியபடி
வசனத்தை விடாமல் சொல்லி முடித்தாள்.
வெட்டிவிட்டார்கள்.
அந்த வருஷம் உருப்படியாய் எடுத்தது அது ஒன்றுதான்.

அவள் எப்படி மறைகிறாள் என்று
கடிதம் போட்ட பிள்ளைகளுக்கு நான் பதில் எழுதியதில்லை.
மார்ட் 'உறை' என்று கத்துவார்.
எல்லோரும் இருந்தது இருந்தபடி, மூச்சுகூடப் பாதியில்.
கேமரா நிற்கும்.
டெல்ஃபீன் மட்டும் எழுந்து, பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
சட்டகத்துக்கு வெளியே நடப்பாள்.
கேமரா ஓடும். அவ்வளவுதான்.
வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஓர் இமைப்பு.
எங்களுக்கு மூன்று நிமிஷம். ராய்க்குத் தோள்வலி.

மார்ச் மாதம், வியாழக்கிழமை.
இதுதான் கடைசி என்று யாரும் சொல்லவில்லை.
ஆனால் சமையலறைச் சுவரின் பின்பக்கம்
தச்சர்கள் சாக்பீஸால் எண் போட்டிருந்தார்கள்,
ஏதோ மருத்துவமனைத் தொடருக்கு.
டெல்ஃபீன் அந்த எண்களைப் பார்த்தாள்.
அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.
குறித்துக்கொள்ளவில்லை.

'உறை.'
ராயின் கரண்டி வாய்க்கு ஓரங்குலத்தில் நின்றது.
கிளி மட்டும் இறகு கோதியது.
டெல்ஃபீன் எழுந்தாள், நாற்காலி கீச்சிடாமல்.
வழக்கமாய் ஒதுங்கும் மணல்மூட்டையைத் தாண்டினாள்.
கைப்பையை எடுத்தாள்.
கனத்த கதவு திறந்து
எங்கள் ஒஹையோ குளிர்காலத்தின் குறுக்கே
ஒரு கீற்று வெயில் நீண்டு, சுருங்கியது.
வெளியே கார்
முதல் தடவை இருமி அடங்கி
இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது.

'ஓட்டு' என்று மார்ட் சொல்லவேண்டும்.
சொல்லவில்லை.
ராயின் கை நடுங்கி, சூப் ஒரு சொட்டு.
மேலே இக்னாசியோ என்ன நினைத்தாரோ,
யாரும் சைகை காட்டவில்லை,
ஒரு கைப்பிடி தூவினார்.
எட்டு வருஷத்துப் பழுப்பேறி
ராயின் தலையில், சூப்பில், என் தாளில்.
யாரும் தட்டிவிடவில்லை.

என் கடைசிப் பக்கத்தில் இருப்பது:
கரண்டி, வலது கை.
சூப், பாதி.
பொத்தான், போட்டது.
நாற்காலி, மேசையிலிருந்து இரண்டடி.
அடுத்த காட்சிக்கு அப்படியே இருக்கட்டும்.